பழைய சொகுசுப் படகும் கொச்சிக் காயல் நீரும்

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் மசாலாக் கிடங்குகளுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் கப்பல்வழி, இந்தியாவில் படகுகளைப் பற்றிக் கற்றுக்கொள்ள மிக நல்ல இடங்களில் ஒன்று. எதிரே தெரியும் வில்லிங்டன் தீவு, ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் துறைமுகத்துக்காகக் காயலைத் தூர்வாரியபோது எடுத்த மண்ணால் உருவான நிலம். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற நீராவிக் கப்பல் இந்த உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. இன்று தெற்கே தோப்பும்படியில் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் கட்டி நிற்கின்றன. வடக்கே போல்காட்டித் தீவில், கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மரினாவில், யாட் எனப்படும் சொகுசுப் படகுகள் நிற்கின்றன.

சிறிய படகு ஒன்றைச் சில ஆண்டுகள் ஓட்டியவர்களுக்கு அடுத்து 45 அடி, 50 அடிப் படகின்மேல் ஆசை வருவது இயல்பு. 2025 செப்டம்பர் 22 முதல் சொகுசுப் படகுகளுக்கான ஜிஎஸ்டி 40 விழுக்காடு. புதிதாக வாங்க முடியாத பலர் பத்து, இருபது ஆண்டு ஓடிய படகைத் தேடுகிறார்கள். எத்தனை அறை, குளிர்சாதனம் எப்படி, மேல்தளம் எவ்வளவு பெரிது என்று விசாரிக்கிறார்கள். பழைய படகின் மதிப்பை உண்மையில் நிர்ணயிப்பவை வேறு. அதன் உடலும் உலோகமும் இயந்திரமும் இதுவரை எந்த நீரில் எப்படி வாழ்ந்தன, இனி எந்த நீரில் வாழப்போகின்றன என்பதே முதன்மையான கேள்வி. கொச்சியில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. இங்குள்ள நீர் ஆண்டு முழுவதும் ஒரே நீராக இருப்பதில்லை.

நீளம் ஒன்றரை மடங்கு, எடை மூன்றரை மடங்கு

30 அடிப் படகிலிருந்து 45 அடிப் படகுக்கு மாறுபவர், படகு ஒன்றரை மடங்கு பெரிதாகிறது என்று நினைக்கிறார். வடிவம் மாறாமல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வளர்ந்தால் பரப்பளவு நீளத்தின் இருபடியாகவும் எடை முப்படியாகவும் கூடும். நீளம் 1.5 மடங்கானால், அடியில் பெயின்ட் பூச வேண்டிய பரப்பும் காற்று மோதும் பரப்பும் 2.25 மடங்காகும். நீரை விலக்கும் எடை ஏறத்தாழ 3.4 மடங்காகும். 6 டன் படகு இருந்த இடத்தில் 20 டன் படகு வந்து நிற்கும்.

நங்கூரம், வடம், கட்டுத்துறை, கரையேற்றும் செலவு எல்லாமே இந்தக் கணக்கைப் பின்பற்றுகின்றன. அதனால் படகைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஒரு விசாரணை தேவை: 20 டன் படகைக் கரையேற்றும் சிலிப்வே அருகில் எங்கே இருக்கிறது? மீன்பிடி விசைப்படகுக்கு அடியில் ஏரா (கீல்) எனும் தடித்த அடிக்கட்டை ஓடுவதால் அதை எளிதில் தாங்கி நிறுத்தலாம். சொகுசுப் படகின் அடியில் இரண்டு புரொப்பல்லர் தண்டுகளும் அவற்றின் தாங்கிகளும் சுக்கான்களும் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கென்றே செய்த தொட்டில் வேண்டும். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் இழுவலைத் தடைக்காலம். மீன்பிடிப் படகுகள் பழுதுபார்ப்புக்குக் கரையேறும் பருவம் அது. அப்போது இடம் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது.

உயரமும் ஆழமும்கூட இதில் சேரும். தோப்பும்படியையும் வில்லிங்டன் தீவையும் இணைக்கும் பழைய துறைமுகப் பாலம், நடுப்பகுதியைத் தூக்கிக் கப்பல்களுக்கு வழிவிடும்படி கட்டப்பட்டது. பின்னால் வந்த பாலங்கள் எதுவும் தூக்கி வழிவிடுவதில்லை. மேற்குக் கடற்கரைக் கால்வாய் 1993இல் தேசிய நீர்வழி 3 என அறிவிக்கப்பட்டது. கொச்சியிலிருந்து ஆலப்புழை, கொல்லம் வரை அதில் போகலாம். ஆனால் நீர்மட்டத்துக்கு மேல் 6 மீட்டர் எழும் கம்பமும், கீழே ஒன்றரை மீட்டர் இறங்கும் புரொப்பல்லரும் கொண்ட படகுக்கு அந்த வழி முழுதாகத் திறந்திருக்குமா என்பதைப் பாலம் பாலமாகக் கணக்கிட்டுத்தான் சொல்ல முடியும்.

8 நாட்டா, 20 நாட்டா?

படகின் வேகத்தை நாட் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். நீரைக் கிழித்துச் செல்லும் படகு, அணியம் எனும் முன்முனையில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீர்க்கோட்டு நீளத்துக்குச் சமமாகும்போது, முன்னால் ஒரு மேடும் பின்னால் ஒரு மேடுமாக நடுப்பள்ளத்தில் படகு சிக்கிக்கொள்கிறது. அதற்கு மேல் விரைய வேண்டுமானால் தன் அலையின்மேல் தானே ஏற வேண்டும். மாதிரிப் படகுகளை நீர்த்தொட்டியில் இழுத்து இந்த அலைத்தடையை முறையாக அளந்தவர் வில்லியம் ஃப்ரூட். 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் அவர் செய்த சோதனைகளின்மேல்தான் இன்றைய கப்பல் வடிவமைப்பு நிற்கிறது.

அந்த எல்லையைக் கண்டுபிடிப்பது எளிது. நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் நாட்டில் விடை வரும். நீர்க்கோடு 13.5 மீட்டர் இருந்தால் எல்லை ஏறத்தாழ 9 நாட். உருண்ட அடி கொண்ட கனமான படகு அதற்குள்தான் சிக்கனமாக ஓடும். தட்டையான அடி கொண்ட படகு, இயந்திர வலிமையால் நீர்ப்பரப்பின்மேல் ஏறிச் சறுக்கி 20 நாட்டைத் தாண்டும். அதற்கான விலை டீசலில் தெரியும்.

கொச்சியிலிருந்து லட்சத்தீவின் கவரத்திக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர், அதாவது 218 கடல்மைல். 20 டன் படகு 8 நாட்டில் போனால் 27 மணி நேரம் ஆகும். ஜெனரேட்டரையும் சேர்த்து மணிக்கு 20 லிட்டர் என்று வைத்தால் 550 லிட்டர் டீசல். அதே எடையை 20 நாட்டில் தள்ள ஏறத்தாழ 580 கிலோவாட் வேண்டும், மணிக்கு 150 லிட்டர் எரியும். பயணம் 11 மணி நேரத்தில் முடியும், ஆனால் 1,600 லிட்டருக்கு மேல் போய்விடும். இதன்மேல் மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு வேண்டும் என்பது கடலோடிகளின் பழைய விதி. இந்த இரண்டு படகுகளில் தனக்கு எது வேண்டும் என்று தெரியாமல் சந்தைக்குப் போகிறவருக்கு விற்பவரே முடிவெடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஃபைபர் உடலுக்குள் ஊறும் நீர்

பெரும்பாலான பழைய சொகுசுப் படகுகள் கண்ணாடி இழையையும் பாலியஸ்டர் ரெசினையும் சேர்த்துச் செய்தவை. வெளியே பளபளக்கும் மேற்பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர். அது நீர் புகாத சுவர் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் நீர் மூலக்கூறுகள் மிக மெதுவாக அதன் வழியே ஊடுருவுகின்றன. உள்ளே வினை முடியாமல் எஞ்சிய வேதிப்பொருள்களையும், ரெசின் சிதைந்து உண்டாகும் அமிலங்களையும் அவை கரைக்கின்றன. அந்தச் சிறு கரைசல் வெளியே உள்ள நீரைவிட அடர்த்தியானது. எனவே சவ்வூடு பரவல் விதிப்படி மேலும் நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அழுத்தம் ஏறி, ஜெல்கோட்டுக்கு அடியில் கொப்புளங்கள் எழுகின்றன. ஒன்றை உடைத்தால் வினிகர் போன்ற நெடியோடு திரவம் பீறிடும்.

இந்தப் பரவல் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதைத் தீர்மானிப்பவற்றில் முக்கியமானவை இரண்டு: நீரின் வெப்பம், வெளிநீரின் உப்பு. வெதுவெதுப்பான நீரில் விரைவு கூடும். வெளிநீரில் உப்பு குறைந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு பெரிதாகி இழுப்பு வலுக்கும். கொச்சியில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. கோடையில் காயல்முகத்து நீர் கிட்டத்தட்டக் கடல்நீர், லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் உப்பு. தென்மேற்குப் பருவமழையில் பெரியாறும் மூவாற்றுப்புழையும் வேம்பநாட்டுக் காயலுக்குப் பாயும் பிற ஆறுகளும் பெருகி வரும்போது மேல்நீர் ஏறத்தாழ நன்னீராகிவிடும். குளிர்கடலில் பதினைந்து ஆண்டு பழுதின்றி இருந்த ஃபைபர் உடல், இங்கு வந்தபின் கொப்புளிக்கத் தொடங்கினால் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

எனவே படகைக் கரையேற்றாமல் விலை பேசுவதில் பொருளில்லை. குயவர் பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல், படகை ஆய்வு செய்யும் சர்வேயர் சிறு சுத்தியலால் அடிப்பகுதி முழுவதையும் தட்டிக்கொண்டே வருவார். கணீரென்ற ஒலி மந்தமாக மாறும் இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஈரமானியும் உதவும், ஆனால் அடியில் தாமிரப் பெயின்ட் இருந்தால் அதன் அளவீடு தவறாகலாம். சில இடங்களில் பெயின்டைச் சுரண்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். தளங்களில் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்திருப்பார்கள். முந்தைய உரிமையாளர் ஒருவர் கைப்பிடியை மாட்ட இட்ட ஒரு திருகு துளை வழியே மழைநீர் இறங்கி, அந்த மரம் சதுர மீட்டர் கணக்கில் மக்கியிருப்பது உண்டு. காலடியில் தளம் மெல்ல அமுங்கினால் அங்கே நின்று விசாரிக்க வேண்டும்.

ஜிங்க் கட்டி சொல்லும் கதை

கடல்நீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொடர்போடு இருந்தால் அது ஒரு மின்கலம். எளிதில் எலெக்ட்ரானை இழக்கும் உலோகம் கரையும், மற்றது காப்பாற்றப்படும். படகின் அடியில் வெண்கல புரொப்பல்லர், எவர்சில்வர் தண்டு, பித்தளை வால்வு, சில படகுகளில் அலுமினியப் பாகங்கள் என எல்லாம் உண்டு. இவற்றைக் காக்க, எல்லாவற்றையும்விட எளிதில் கரையும் உலோகக் கட்டி ஒன்றை வேண்டுமென்றே பொருத்துகிறார்கள்.

1824இல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக்காகச் செய்த ஆய்வு இதன் தொடக்கம். மரக் கப்பல்களின் அடியில் போர்த்திய தாமிரத் தகடு கரைவதைத் தடுக்க, இரும்பு அல்லது துத்தநாகத் (ஜிங்க்) துண்டுகளை அதோடு இணைத்தார். தாமிரம் கரைவது நின்றது. ஆனால் கரையும் தாமிரத்தின் நஞ்சுதான் அதுவரை பாசியையும் சிப்பியையும் விலக்கி வைத்திருந்தது. அரிப்பு நின்றதும் அடி முழுவதும் அவை மண்டிவிட்டன. அரிப்பும் உயிர்ப்படிவும் ஒன்றோடொன்று பிணைந்த சிக்கல்கள் என்று அன்று தெரிந்த பாடம் இன்றும் செல்லுபடியாகிறது. அலுமினியப் பாகம் உள்ள படகில் தாமிரப் பெயின்டைப் பூசினால் அந்த அலுமினியத்தையே தின்றுவிடும்.

எந்தக் கட்டி என்பதிலும் கொச்சி நீர் தலையிடுகிறது. கடல்நீரில் துத்தநாகம் நன்றாக வேலை செய்யும். உப்பு குறைந்த நீரில் அதன்மேல் ஒரு படலம் படர்ந்து அது செயலிழக்கும். உவர்நீரில் அதற்கென உள்ள அலுமினியக் கலவைக் கட்டி மேலானது, முழு நன்னீரில் மெக்னீசியம். எனவே கரையேற்றிய படகில் கட்டி புதிதுபோல் இருந்தால் மகிழ வேண்டாம். நேற்று மாட்டியதாக இருக்கலாம், அல்லது மின்தொடர்பு அறுந்து வேலையே செய்யாமல் இருந்திருக்கலாம். பாதி கரைந்த கட்டியே நல்ல அறிகுறி. பித்தளை வால்வைச் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால், உள்ளிருந்த துத்தநாகம் போய்விட்டது, எஞ்சியிருப்பது பஞ்சுபோன்ற தாமிரம். நீர்க்கோட்டுக்குக் கீழே அப்படி ஒரு வால்வு உடைந்தால் படகு கட்டிய இடத்திலேயே மூழ்கும்.

கொட்டலசும் இயந்திரச் சோதனையும்

கொச்சிக் காயலில் கட்டிய படகின் அடியில் சில வாரங்களிலேயே கொட்டலசு என்ற சுண்ணாம்பு ஓட்டு உயிரி பிடிக்கிறது. மரம் என்றால் கப்பல் புழு துளைக்கும். புழு என்று பெயர் இருந்தாலும் அது ஒரு மட்டி. மெக்சிகோ, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த மைட்டெல்லா என்ற மட்டியும் அண்மை ஆண்டுகளில் இந்தக் காயலில் பரவிவிட்டது. 1957இல் தொடங்கி இப்போது வில்லிங்டன் தீவில் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், படகுகளில் படியும் உயிரிகளையும் மரத்துளைப்பையும் உலோக அரிப்பையும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

கொட்டலசு அழகுப் பிரச்சினை அல்ல. அடி முழுவதும் கனமாகச் சுண்ணாம்பு ஓடுகள் படிந்த போர்க்கப்பல் ஒன்று, வழக்கமான வேகத்தைத் தக்கவைக்கவே 80 விழுக்காட்டுக்கு மேல் கூடுதல் திறன் செலவழிக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சொகுசுப் படகை ஓட்டிப் பார்க்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். டீசல் இயந்திரம் முழு விசையில் தயாரிப்பாளர் குறித்த சுழற்சி வேகத்தை எட்டியாக வேண்டும். எட்டவில்லை என்றால் காரணம் அழுக்கு அடியாக இருக்கலாம், பொருந்தாத புரொப்பல்லராக இருக்கலாம், தேய்ந்த இயந்திரமாகவும் இருக்கலாம். அடியைச் சுத்தம் செய்தபின் ஓட்டினால்தான் இவற்றைப் பிரித்தறிய முடியும். அழுக்கைக் காரணம் காட்டி இயந்திரக் குறையை மறைப்பது மிக எளிது.

சோதனை நாளில் இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவது நல்லது. தொடங்கும்போது வரும் புகையே பாதி நோயைச் சொல்லும். விடாத கரும்புகை என்றால் சுமை அதிகம் அல்லது காற்று போதவில்லை, நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, நெடுநேரம் வெண்புகை என்றால் எரியாத டீசல் அல்லது நீர். எண்ணெயில் ஒரு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதில் கரைந்துள்ள இரும்பும் தாமிரமும் எந்தப் பாகம் தேய்கிறது என்று காட்டும். சோடியம் தெரிந்தால் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கக்கூடும். டீசல் தொட்டியின் அடியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும். கேரளத்தின் ஈரக்காற்றில் பாதி காலியான தொட்டியில் நீர் படியும், அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையே பூஞ்சை வளர்ந்து வடிகட்டிகளை அடைக்கும்.

மேல்தளத்தின் எடை

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி அளவுக்கு மீறி ஆளேற்றியதில் 22 பேர் இறந்தார்கள். பழைய படகை வாங்கி மேலே தளம் கட்ட நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டு நாள்களை அறிந்திருக்க வேண்டும்.

படகு நிமிர்ந்து நிற்பதற்கான கணக்கை ஃபிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1746இல் வகுத்தார். படகு சாயும்போது மிதவை மையம் சாயும் பக்கம் நகர்கிறது. அங்கிருந்து நேர் மேலே செல்லும் கோடு படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி மெட்டாசென்டர். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வலுவாகப் படகு நிமிரும். மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அந்த இடைவெளியைத் தின்கிறது. இடைவெளி 0.8 மீட்டர் உள்ள 20 டன் படகில், 20 பேர் நடுவிலிருந்து ஒன்றரை மீட்டர் ஒரு பக்கமாக நகர்ந்தால் ஏறத்தாழ 6 அல்லது 7 பாகை சாயும். பின்னால் சேர்த்த கூரையும் குளிர்சாதனப் பெட்டிகளும் அந்த இடைவெளியை 0.3 மீட்டராகக் குறைத்திருந்தால் அதே ஆட்கள், அதே நகர்வு, 17 பாகைச் சாய்வு. ஒரு யானையையோ மானையோ பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் ஓடும் கணம் எவ்வளவு கொடியது என்று இதில் தெரிகிறது.

வாங்குபவரே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. அமைதியான நீரில் படகைப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு, ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை அளக்கலாம். 4.5 மீட்டர் அகலப் படகில் இடைவெளி 1 மீட்டர் என்றால் ஆட்டம் 3.6 நொடி. பாதியாகக் குறைந்தால் 5 நொடி. மெல்ல ஆடும் படகு பயணிக்குச் சுகமாக இருக்கும், ஆனால் அந்தச் சுகம் நிமிரும் வலு குறைவு என்பதன் அடையாளம். சந்தேகம் இருந்தால் தெரிந்த எடைகளை நகர்த்திச் சாய்வை அளக்கும் முறையான சோதனையைக் கப்பல் பொறியாளரைக் கொண்டு நடத்தலாம். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கப்பல் தொழில்நுட்பத் துறையே இருக்கிறது. அத்துறை கற்றவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஐரோப்பிய விதிப்படி கட்டிய படகுகளில் ஏ முதல் டி வரை ஒரு வகை எழுத்து இருக்கும். சி என்றால் காற்றின் வலுவைக் குறிக்கும் அளவுகோலில் 6ஆம் எண் காற்றும் 2 மீட்டர் அலையும் வரை, பி என்றால் 8ஆம் எண் காற்றும் 4 மீட்டர் அலையும் வரை. அந்த எழுத்து கட்டிய நாளின் படகுக்கு உரியது. மேல்தளம் சேர்த்த படகுக்கு அது பொருந்தாது.

காகிதங்களும் வரிசையும்

உள்நாட்டு நீரில் ஓடும் படகுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் ஆய்வுச் சான்றும் தேவை. கேரளத்தில் இதற்கான அமைப்பு கேரள மாரிடைம் போர்டு. காயல்முகத்தைத் தாண்டிக் கடலுக்குள் போக வேறு விதிகள் உண்டு, அதற்கான மத்திய அரசு அலுவலகமும் கொச்சியிலேயே இருக்கிறது. பின்பலகையில் பொறித்த அடையாள எண், இயந்திர எண்கள், பதிவுப் புத்தகம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த படகு என்றால் சுங்கத் தீர்வை கட்டிய ரசீது இல்லாமல் முன்பணம் தரக் கூடாது.

முதலில் எந்த நீரில், எத்தனை பேரோடு, எவ்வளவு தூரம் என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு காகிதம், பிறகு கரையேற்றம், பிறகு சுத்தமான அடியோடு கடலோட்டம், கடைசியில் விலை. ஆய்வுச் செலவை வாங்குபவரே ஏற்று, விற்பவரோடு தொடர்பில்லாத சர்வேயரை அமர்த்த வேண்டும். ஆய்வில் தேறாத படகை விட்டுவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான். ஒரு மக்கிய தளத்தையோ இரண்டு இயந்திரங்களையோ மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

இந்தத் துறைமுக நகரில் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது, ஆய்வு நிறுவனம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, தம் படகின் ஒவ்வொரு பலகையையும் அறிந்த தூத்தூர் மீனவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் சொல்லித்தருவதற்கு இத்தனை பேர் சூழ்ந்திருக்கும் ஊரில், சோதிக்காமல் படகு வாங்கியதற்கு யாரும் சாக்குச் சொல்ல முடியாது. பதிவுப் புத்தகத்தில் பெயர் ஏறும் நாளிலிருந்து, அந்தப் படகில் கால் வைக்கும் ஒவ்வொருவரின் உயிருக்கும் உரிமையாளரே பொறுப்பு.